செட்டிநாட்டை நம் பிள்ளைகள் படமெடுப்பதில் பயன் உண்டா?

கேள்வி, 5 ஜனவரி 2025

எங்கள் கல்லூரியில் மரபுப் படப்போட்டி வைத்திருக்கிறார்கள். கானாடுகாத்தான் தெருக்களை எடுக்காதவர் இல்லை, ஆத்தங்குடிக் கல் பதியாத கைபேசி இல்லை. எல்லாவற்றையும் வெளியூர்க்காரர்கள் நம்மைவிட நல்ல கேமராவில் எடுத்து முடித்துவிட்டார்கள். இனி நாங்கள் எடுப்பது அவர்கள் எடுத்ததன் மங்கலான நகலாகத்தான் இருக்கும் என்பது என் கருத்து. அக்கா, நீங்கள் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறீர்களே, அதில் உண்மையில் பயன் உண்டா?

5 ஜனவரி, இரவு

தம்பி, உங்கள் கேள்வியில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். முகப்பில் நிற்கும் கஜலட்சுமியையும், சுதையில் செய்த சிப்பாய்களையும், பர்மாத் தேக்குத் தூண்களையும் இன்னொரு முறை எடுப்பதால் எவருக்கும் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை. ஆனால் அப்படி எடுத்தவர்கள் எங்கே நின்று எடுத்தார்கள் என்று பாருங்கள். தெருவில் நின்று முகப்பையும், வளவின் (முற்றத்தைச் சுற்றித் தூண்களோடு அமைந்த உட்பகுதியின்) விளிம்பில் நின்று முற்றத்தையும், தலைவாசலில் நின்று கொல்லைவரை ஒரே நேர்க்கோட்டில் திறந்து கிடக்கும் கதவுகளையும் எடுத்திருக்கிறார்கள். ஒரு பகல் மட்டும் வந்து போகிறவருக்கு அதற்குமேல் இடம் கிடைக்காது, அதில் அவர்கள் குற்றம் ஏதுமில்லை.

உங்களுக்கு இடம் கிடைக்கும். உங்கள் அப்பத்தா வீட்டிலோ நண்பனின் ஆயா வீட்டிலோ இரண்டாங்கட்டை, அதாவது வீட்டின் இரண்டாம் பகுதியை, தாண்டி அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் போவதற்கு யாரும் உங்களிடம் கட்டணம் கேட்கப்போவதில்லை. அந்த நேர்க்கோட்டின் மறுமுனையில், கொல்லைவாசலில் நின்று தெருவை நோக்கி ஒரு படம் எடுத்துப் பாருங்கள். ஆட்டுக்கல், அம்மி, கரி படிந்த சுவர், பெண்கள் நாளெல்லாம் உட்கார்ந்து வேலை பார்த்த தாழ்வாரம் ஆகியவை முன்னால் வரும், எல்லோரும் வியக்கும் வளவு பின்னால் சிறிதாகத் தெரியும். அப்படி எடுத்த படத்தை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

7 ஜனவரி

செட்டிநாடு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கெனவே அறிவிக்கப்பட்டுவிட்டது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியன்று. தமிழ் வணிகர்களின் ஊர்த்தொகுதிகள் என்ற பெயரில் 2014இல் தற்காலிகப் பட்டியலில், அதாவது பின்னாளில் முன்மொழியப்படக்கூடிய இடங்களின் பட்டியலில், சேர்க்கப்பட்டது, அவ்வளவே. தற்காலிகப் பட்டியலில் இருப்பதால் ஒரு வீட்டின் ஓடுகூடப் பாதுகாக்கப்படுவதில்லை என்பதைப் பிள்ளைகள் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். யாரோ காப்பாற்றிக்கொள்வார்கள் என்று நினைத்துவிட்டால் அவர்களுக்குப் படமெடுக்கும் அவசரமே தோன்றாது.

12 ஜனவரி

எதை எடுப்பது என்று மீண்டும் கேட்கிறீர்கள். சுவரில் மாட்டியிருக்கும் பழைய படங்களிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் பதில்.

பள்ளத்தூரில் ஒரு வீட்டின் வளவில், நிலைக்கு மேலே முன்பக்கம் சாய்த்து மாட்டிய படங்கள் வரிசையாக இருந்தன. பிள்ளைகள் ஏணி வைத்து ஒன்றை மெதுவாக இறக்கினார்கள். சட்டகத்தின் பின்பலகையைப் பூச்சி அரித்திருந்தது. உள்ளே இருந்த தடித்த அட்டையில், ரங்கூன் நகரத்துப் படக்கூடம் ஒன்றின் முத்திரை அழுத்தி எடுத்த எழுத்துகளாக இன்னும் தடவிப் பார்க்கும்படி இருந்தது. படத்தில் நாற்காலியில் ஒருவர் அமர்ந்திருந்தார், அருகே ஒருவர் நின்றிருந்தார். ஆச்சி கண்ணாடியை முந்தானையால் துடைத்துவிட்டு, "உக்காந்திருக்கறது எங்க அப்பச்சி. நிக்கிறவுக கணக்கப்பிள்ளை. அவுக பேரு எங்க ஆத்தாளுக்குத்தான் தெரியும்" என்றார். அந்த ஆத்தாள் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

நின்றிருந்தவருடைய பெயர் ஒரு தலைமுறைக்குள் போய்விட்டது. உட்கார்ந்திருப்பவருடைய பெயர் இன்னும் ஒருவர் நினைவில் இருக்கிறது, அவருக்கும் வயதாகிறது. நம் பிள்ளைகள் படம் எடுப்பது இந்த இடத்தில்தான் பயன்படும் என்று நான் முழுமனத்தோடு நம்புகிறேன். படத்தைப் படமெடுத்து, அதில் இருப்பவர் யார், எந்த ஊர்ப் படக்கூடம், யார் சொல்லித் தெரிந்தது, எந்த நாளில் சொன்னார் என்று நான்கு வரி எழுதி வைத்தால் போதும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்: எனாமல் தட்டுகளுக்கும் பர்மா அரக்குப் பெட்டிகளுக்கும் நடுவே, இன்னார் என்று சொல்ல ஆளில்லாத ஐயாக்களும் ஆச்சிகளும் சட்டகத்தோடு விலைக்கு நிற்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்த வீடு ஒன்று இருந்தது.

செய்முறை பற்றிச் சில சொற்கள். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை எக்காரணம் கொண்டும் பிரிக்கக் கூடாது, பிரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். சட்டகத்தோடு அப்படியே இறக்கி, சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, எடுப்பவருக்குப் பின்னால் இருவர் கறுப்புத் துணியை விரித்துப் பிடித்தால் பிரதிபலிப்பு அடங்கிவிடும். ஃபிளாஷ் போடவே கூடாது. முன்புறம் எடுத்த கையோடு பின்புறத்தையும் எடுங்கள், ஏனென்றால் தேதியும் ஊரும் பெரும்பாலும் பின்புறத்தில்தான் இருக்கும்.

13 ஜனவரி

பழைய படத்தை மறுபடி எடுப்பதெல்லாம் படக்கலை ஆகுமா என்று தேவகோட்டை நண்பர் கேட்கிறார். அவருக்குக் கோட்டையூர்க்காரர் ஒருவரை நினைவூட்ட விரும்புகிறேன்.

ஏ.கே. செட்டியார் 1911இல் கோட்டையூரில் பிறந்தவர். இருபதுகளில் இருந்த இளைஞராக ஜப்பானுக்கும் பிறகு அமெரிக்காவுக்கும் போய்ப் படக்கலை பயின்றவர். காந்தியடிகளைப் பற்றி அவர் உருவாக்கி 1940இல் வெளியிட்ட ஆவணப்படத்தில் பெரும்பகுதி அவர் கையால் எடுத்ததன்று. நாடு நாடாகச் சென்று, யார் யாரிடம் எந்தச் சுருள் கிடக்கிறது என்று விசாரித்து, கெஞ்சியும் விலை கொடுத்தும் சேர்த்தது. பின்னாளில் தாம் நடத்திய குமரி மலர் இதழிலும் பழைய எழுத்துகளைத் தேடிப் பிடித்து மறுபதிப்புச் செய்தார். தேடிச் சேர்ப்பதைத் தாழ்ந்த வேலையாக அவர் கருதியிருந்தால் அந்தப் படமே உருவாகியிருக்காது.

அதே கோட்டையூரில்தான் ரோஜா முத்தையா செட்டியார் நூல்களையும் இதழ்களையும் மட்டுமன்றி, நாடக நோட்டீசு, அழைப்பிதழ் போன்று மற்றவர்கள் குப்பையில் போட்ட துண்டுக் காகிதங்களையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். அந்தத் திரட்டிலிருந்துதான் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1994இல் தோன்றியது. ஒரே ஊரில் இப்படி இருவர் இருந்திருக்கிறார்கள். நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இவர்கள் பெயர் தெரியும் என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

22 ஜனவரி

நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலுக்குப் போய் வந்தவர்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். புகையும் வெயிலும் கலந்த வெளிச்சத்தில் பானைகளின் வரிசை அழகாக வந்திருக்கிறது. ஆயினும் கிட்டத்தட்ட எல்லாப் படங்களும் முதுகுப்புறமாகவே எடுக்கப்பட்டிருக்கின்றன. பிள்ளைகள் கேட்கக் கூச்சப்பட்டிருக்கிறார்கள். "ஆச்சி, ஒரு படம் எடுத்துக்கலாமா" என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் சேலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்காருவார்கள். வேண்டாம் என்று சொல்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு நகர வேண்டும். கூச்சத்தால் மறைந்திருந்து எடுப்பது மரியாதைக் குறைவு என்பதை நான் பிள்ளைகளிடம் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

இன்னொன்று: கோவிலுக்குள் கைபேசி கொண்டுபோவதைத் தடைசெய்யும்படி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே இளையாற்றங்குடி, வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று நகரத்தாரின் (செட்டிநாட்டுச் செட்டியார்களின்) நகரக் கோவில்கள் ஒன்பதையும் எடுக்கப் புறப்படும் குழுக்கள், உள்ளே எடுக்க எண்ணினால் முறையாக எழுதிக் கேட்டு, அனுமதி கிடைத்த பிறகே போகவேண்டும்.

2 பிப்ரவரி

ஆத்தங்குடியில் கல் செய்யும் பட்டறைக்குப் பிள்ளைகள் போய் வந்தார்கள். முதலில் அவர்கள் அனுப்பியவை அனைத்தும் அடுக்கி வைத்த கற்களின் பூக்கோலம். வேலை செய்பவரின் கைகள் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பினேன். இரண்டாவது முறை வந்த படங்களை இங்கே எழுத்தால் சொல்ல முயல்கிறேன்.

தரையில் ஒரு கண்ணாடித் தட்டு, அதன்மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவத்தில் வளைத்த தகட்டு அச்சு. ஒருவர் குத்துக்காலிட்டு அமர்ந்து, கரண்டியால் சாயக் குழம்பை அறை அறையாக ஊற்றுகிறார், சிவப்பு ஓர் அறையில், மஞ்சள் அடுத்த அறையில். ஊற்றி முடித்ததும் இரு விரல்களால் அச்சை நேராக மேலே தூக்குகிறார். கொஞ்சம் சாய்ந்தாலும் நிறங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். பிறகு உலர்ந்த மணலும் சிமெண்டும் கலந்த பொடியைத் தூவி, அதன்மேல் ஈரக் கலவையைப் போட்டுக் கரணையால் மட்டப்படுத்துகிறார். பின்னர் அது நீர்த்தொட்டியில் நாள்கணக்கில் கிடந்து இறுகுகிறது. கல்லின் பளபளப்புக்கு அந்தக் கண்ணாடித் தட்டுத்தான் காரணம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி அச்சைத் தூக்கும் அந்தக் கணத்தைப் பிடித்திருக்கிறாள். நகக்கண்ணில் சிவப்புச் சாயம் தெரிகிறது. போட்டிக்குத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தால் அதையே முதலில் வைப்பேன்.

இந்த இழையில் இதுவரை நாம் பேசியதெல்லாம் வீட்டின் உரிமையாளர்களைப் பற்றியதாகவே இருந்துவிட்டது. வீட்டைக் கட்டியவர்கள் கொத்தனார்களும் தச்சாசாரிகளும். சுண்ணாம்பையும் முட்டை வெள்ளைக்கருவையும் கடுக்காய்ச் சாற்றையும் சேர்த்து இழைத்து, இன்றும் முகம் பார்க்கும் அளவுக்கு வழவழக்கும் சுவர்ப்பூச்சைப் பூசியவர்கள் அவர்கள். இன்னும் அந்தப் பூச்சு வேலை தெரிந்த கைகள் இருக்கின்றன. அவர்களுடைய கரணையையும் தேய்ப்புக் கல்லையும் முகத்தையும் பெயரோடு எடுத்து வைக்காமல், சுவரை மட்டும் எடுப்பது பாதி வேலை.

9 பிப்ரவரி

இந்த இழையிலேயே கனமான எதிர்ப்பு இப்போதுதான் வந்திருக்கிறது. "நீங்கள் பிள்ளைகளை வைத்து எடுத்துப் போடும் ஒவ்வொரு தூணும் பழம்பொருள் வாங்குபவர்களுக்கு விலைப்பட்டியல். பூட்டிக் கிடக்கும் வீட்டின் கதவை ஊர்ப்பெயரோடு வெளியிட்டால், அடுத்த ஆண்டு அந்தக் கதவு அங்கே இருக்குமா?" என்று தேவகோட்டை நண்பர் கேட்கிறார்.

இதை லேசாகத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. வீடுகள் ஏன் இந்த நிலைக்கு வந்தன என்பதைப் பிள்ளைகள் அறிந்தால்தான் இந்தக் கேள்வியின் எடை புரியும். பர்மாவில் நெல் விளையும் டெல்டாவுக்கு நகரத்தார் கடன் கொடுத்த பணம் 1930களின் பெருமந்தத்தில் திரும்பி வரவில்லை, அதற்கு ஈடாக நிலம் வந்தது. கீழைப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த செட்டியார்களின் நிலவுடைமை 1938இல் ஏறத்தாழ 25 விழுக்காடாயிற்று. 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவர நேர்ந்தது. பர்மா விடுதலை பெற்றபின் நிலமெல்லாம் நாட்டுடைமை ஆயிற்று. இந்த வீடுகளைக் கட்டிய பணம் வந்த வழி அத்துடன் அடைபட்டது. வீடோ புள்ளி புள்ளியாக (மணமான ஒவ்வொரு இணையும் ஒரு புள்ளி) பங்காளிகளுக்குப் பிரிந்தது. பலர் உடன்பட்டால்தான் ஓர் ஓட்டை மாற்ற முடியும், ஆனால் எவரும் பார்க்காமல் விட்டாலே வீடு தானாக விழுந்துவிடும். இப்படி விழும் வீட்டின் தேக்கைத்தான் விற்கிறார்கள். விற்பவருக்கும் ஒரு நெருக்கடி இருக்கிறது.

ஆகவே எங்கள் குழுவில் சில நாள்களாகப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். ஆள் குடியிருக்கும் வீடானால் வீட்டார் சொல்வதே விதி. பூட்டிய வீட்டின் படங்களைப் பொதுவில் வைக்கும்போது ஊர், தெரு, விலாச எழுத்துகள் (வீட்டாரின் பெயர்த் தலைப்பெழுத்துகள்) எதுவும் தெரியக்கூடாது, கைபேசி தானாகப் பதியும் இடக்குறிப்பையும் நீக்கிவிட வேண்டும். முழு விவரத்தோடு கூடிய படி ஒன்று குழுவிடமும் ஒன்று பங்காளிகளில் ஒருவரிடமும் இருக்கும். கதவு காணாமல் போனால் அது எந்த வீட்டுக் கதவு என்று காட்டுவதற்கு அந்தப் படியே சான்றாகும்.

10 பிப்ரவரி

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, தெருவில் நின்று முகப்பை எடுப்பதே சட்டப்படி குற்றமா என்று ஒரு மாணவி பதறிக் கேட்டிருக்கிறாள். குற்றமில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டடக் கலைப் படைப்பைப் படமெடுப்பதற்கும் வெளியிடுவதற்கும் இடம் தருகிறது. உள்ளே நுழைவதற்கு மட்டும் வீட்டாரின் அனுமதி வேண்டும். நேற்று நான் எழுதியது சட்டம் பற்றியதன்று, ஊர்க்காரர்களாகிய நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் கட்டுப்பாடு.

1 மார்ச்

தம்பி, நீங்கள் போட்டிக்கு அனுப்பிய வளவுப் படத்தைப் பார்த்தேன். கட்டம் கச்சிதமாக இருக்கிறது, தூண்கள் சாயாமல் நேராக நிற்கின்றன. ஆனால் கைபேசி தானாக நிழலையெல்லாம் தூக்கிவிட்டு, மூலைமுடுக்கெல்லாம் ஒரே வெளிச்சமாக்கியிருக்கிறது. வளவுக்குள் அப்படி ஒரு வெளிச்சம் ஒருநாளும் இருந்ததில்லை. முற்றத்தில் கண் கூசும் வெயிலும், பட்டாலையில் அரையிருளும், அறைக்குள் முழு இருளுமாக அமைத்ததனால்தான் சித்திரை வெயிலிலும் அந்த வீட்டில் உட்கார முடிகிறது. அந்த இருட்டை அப்படியே விட்டுவிட்டு இன்னொரு முறை எடுங்கள்.

இதை எனக்குத் தெளிவாக்கியது, பூட்டிய வீடு ஒன்றைப் பார்த்துக்கொள்பவரின் மகள். பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறாள். தினமும் மாலையில் விளக்கேற்ற அப்பாவோடு உள்ளே போய் வருபவள். அவளுடைய படங்களில் தூண்களும் கண்ணாடிகளும் பாதி இருட்டில் இருக்கின்றன. வெளிச்சம் விழும் இடத்தில் அவளுடைய அப்பாவின் துடைப்பமும், கொடியில் காயும் சட்டையும், வௌவால் எச்சத்தைக் கழுவிய ஈரத் தரையும் இருக்கின்றன. அந்த வீட்டுக்கு அவள் உறவுக்காரி அல்லள். இருந்தும் அந்த வீட்டை இன்று அவளைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. வெளியூரில் வாழும் உரிமையாளர்கள் அந்தப் படங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். படத்தின் கீழே அவளுடைய பெயரையும் அவள் அப்பாவின் பெயரையும் போடும்படி சொல்லியிருக்கிறேன்.

முதல் குறிப்பில் உறவினர் வீட்டிலிருந்து தொடங்கச் சொன்னேன். நகரத்தார் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பொருந்தும். மற்றப் பிள்ளைகளுக்குத் தங்கள் பெற்றோர் வேலை செய்யும் இடமே வாசல் என்று அத்துடன் சேர்த்துப் படியுங்கள்.

16 மார்ச்

கட்டடமே இல்லாத மரபு உண்டா என்று கேட்டிருந்தவருக்கு: ஊருணியை எடுங்கள். செம்புறாங்கல் படித்துறை, வரத்துக் கால்வாய், கூரை நீரையெல்லாம் தெருவழியாகக் கொண்டுவந்து சேர்த்த அமைப்பு எல்லாம் வீடுகளைப் போலவே திட்டமிட்டுச் செய்யப்பட்டவை. ஐப்பசி கார்த்திகை மழையில் நிறைந்தபோதும், பங்குனியில் தரை வெடித்தபோதும், அதே படியில் அதே உயரத்தில் நின்று எடுக்கவேண்டும். ஆண்டுதோறும் எடுத்துவந்தால் கால்வாய் எந்த இடத்தில் அடைபட்டது, யார் மண் கொட்டினார்கள் என்பது படத்திலேயே தெரியும். பேரூராட்சியில் மனுக் கொடுக்கும்போது அத்தகைய படவரிசை நூறு கையெழுத்துக்கு நிகர்.

கோப்புகளுக்குப் பெயர் வைப்பது பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். ஊர், இடம், ஆண்டு-மாதம்-நாள், எடுத்தவர் பெயர், இந்த வரிசை போதும். பெயர் சொன்னவர் குரலையும் அதே கோப்புப் பெயரில் பதிந்து வையுங்கள். ஒரு படி மட்டும் கைபேசியில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், கைபேசி தொலைந்தால் ஆச்சி சொன்ன பெயர்களும் தொலையும். அச்சிட்ட படம் ஒன்றையாவது எடுத்த வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பள்ளத்தூர் ஆச்சிக்குக் கொடுத்தபோது, படத்தின் பின்னால் மாணவர்கள் எழுதியிருந்த பெயர்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, இரண்டைத் திருத்தினார். கணக்கப்பிள்ளை கண்டனூர்ப் பக்கத்துக்காரர் என்று மட்டும் அப்போது அவருக்கு நினைவு வந்தது. கண்டனூரிலும் புதுவயலிலும் ரங்கூனுக்குக் கணக்கெழுதப் போனவர்களின் குடும்பம் எதையாவது அறிந்தவர்கள் இருந்தால், இங்கே எழுதுங்கள். பிள்ளைகள் படத்தை எடுத்துக்கொண்டு வரத் தயாராக இருக்கிறார்கள்.